மினுக்கம் சொல்லும் அளவு

1960-களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த மார்கரெட் கிளார்க் வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தார். பெரும்பாலான பதிவுகளில் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது. சில ரேடியோ மூலங்களுக்கு மட்டும் கோடு நடுங்கியது; சமிக்ஞை ஓரிரு நொடிக்குள் கூடுவதும் குறைவதுமாக இருந்தது. கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிடக்கூடிய சின்ன விஷயம்தான். அவர் ஒதுக்கவில்லை. நடுங்கியவை எல்லாமே வானில் மிகச் சிறிய இடத்தை அடைப்பவை என்பதைக் கவனித்துத் தன் ஆய்வேட்டில் எழுதிவைத்தார்.

அதற்கான விளக்கம் 1964-ல் நேச்சர் இதழில் வந்தது. எழுதியவர்கள் ஆன்டனி ஹியூயிஷ், பால் ஸ்காட், டெரிக் வில்ஸ். சூரியனிலிருந்து மின்னூட்டம் கொண்ட துகள்கள் எல்லாத் திசையிலும் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. நொடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இந்தச் சூரியக் காற்று சீரானதல்ல. நூறு, இருநூறு கிலோமீட்டர் அகலத்தில் அடர்ந்த திட்டுகளும் நலிந்த திட்டுகளும் அதில் கலந்திருக்கின்றன. தொலைவிலிருந்து வரும் ரேடியோ அலை அவற்றைக் கடக்கையில் சற்றே வளைகிறது. வளைந்த அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டியும் வேறோரிடத்தில் கழித்தும் பூமியின் மேல் ஒரு வலிமைக் கோலத்தை விரிக்கின்றன. காற்று நகரும்போது கோலமும் நகர்கிறது, தொலைநோக்கி அதை நடுக்கமாகப் பதிகிறது.

இரவு வானில் விண்மீன் மினுங்குகிறது, வியாழன் மினுங்குவதில்லை. விண்மீன் நம் கண்ணுக்கு ஒரு புள்ளி. வியாழனோ சிறு வட்டம். அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வரும் ஒளி தனித்தனியாக மினுங்கி, மொத்தத்தில் ஒன்றையொன்று சமன்செய்துவிடுகிறது. ரேடியோ வானிலும் இதே கதைதான். அகன்ற மூலங்கள் அசையாமல் ஒளிர்கின்றன, ஒடுங்கியவை மட்டும் மினுங்குகின்றன. ஆக, ஒரு பொருள் எவ்வளவு மினுங்குகிறது என்பதை அளந்தால் அது எவ்வளவு சிறியது என்று சொல்லிவிடலாம். தொலைநோக்கியால் பிரித்துப் பார்க்கவே முடியாத ஒன்றின் அளவைச் சூரியக் காற்று சொல்லிவிடுகிறது!

இந்த உதவி வானியலாளருக்கு ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும். வானில் தூரங்களைக் கோணத்தால் அளப்பார்கள். பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் அறிந்த அதே பாகை, கலை, விகலைதான்: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழுநிலாவின் அகலம் சுமார் அரைப் பாகை, அதாவது 1,800 விகலை. எந்தத் தொலைநோக்கியும் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பது இரண்டைப் பொறுத்தது: அதன் அகலம், அது பார்க்கும் அலையின் நீளம். அலை நீள நீளக் காட்சி மங்கும். ஒளி அலையின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. 327 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் 92 சென்டிமீட்டர். இந்த அலையில் ஒரு விகலை நுணுக்கம் வேண்டுமானால் தொலைநோக்கி சுமார் 190 கிலோமீட்டர் அகலம் இருக்க வேண்டும். பத்தில் ஒரு விகலைக்கு 1,900 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து அளந்தால் இந்தியாவின் பெரும்பகுதியைத் தாண்டிவிடும்.

பார்க்க வேண்டிய பொருட்களோ அந்த அளவில்தான் இருக்கின்றன. நம் பால்வீதிக்கு வெளியே, பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், சில கேலக்ஸிகளின் மையத்தில் பேருருவக் கருந்துளைகள் பொருளை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. அப்படி விழுங்கும்போது, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகள் பீறிட்டுப் பாய்கின்றன. தாரையில் உள்ள எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. சில தாரைகள் கேலக்ஸியைத் தாண்டி லட்சக்கணக்கான ஒளியாண்டு நீள்கின்றன. வேறு சில பொருட்களில் இந்தக் கதை முழுவதும் கேலக்ஸிக்குள்ளேயே, ஒரு விகலைக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடுகிறது. இந்த இரண்டாம் வகையைத்தான் ஒடுங்கிய ரேடியோ மூலங்கள் என்கிறார்கள்.

உயர்ந்த அதிர்வெண்ணில் அலை குறுகுவதால் இவற்றைப் பார்ப்பது எளிது என்றால் அதையே செய்துவிட்டுப் போகலாமே? போதாது. ஒரே பொருள் வெவ்வேறு அதிர்வெண்ணில் வெவ்வேறு முகம் காட்டும். உயர் அதிர்வெண்ணில் தெரிவது பெரும்பாலும் சூடான மையம், இப்போது நடப்பது. ஆற்றல் மிகுந்த எலெக்ட்ரான்கள் சீக்கிரம் களைத்துவிடும். ஆற்றல் குறைந்தவை நெடுங்காலம் தாக்குப்பிடித்துத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். பொருளின் பழைய வரலாறு அங்கேதான் கிடைக்கிறது.

இதற்கு நல்ல சான்று 3சி 273 என்ற ரேடியோ மூலம். 1962 ஆகஸ்ட்டில் நிலா இந்தப் பொருளின் குறுக்கே கடந்தது. நிலாவின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய அரை விகலை நகரும். எந்தக் கணத்தில் சமிக்ஞை அணைகிறது, எந்தக் கணத்தில் திரும்பி வருகிறது என்று பதிந்தால், பொருளின் இடமும் வடிவும் மிக நுட்பமாகக் கிடைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் என்னுமிடத்தில் உள்ள 64 மீட்டர் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் உடன் உழைத்தவர்களும் இதைச் செய்தார்கள். வழக்கமாகச் சாய்க்கும் எல்லையையும் தாண்டித் தொலைநோக்கியைச் சாய்க்க வேண்டியிருந்தது. கிடைத்த விடையில் ஒன்றல்ல, சுமார் 20 விகலை இடைவெளியில் இரண்டு பகுதிகள் இருந்தன. தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒன்று ஓங்கி ஒலித்தது. அதிர்வெண் ஏற ஏற மற்றது முன்னுக்கு வந்தது. முதலாவது தாரையின் முனை. இரண்டாவது, விண்மீன் போலவே தெரிந்த ஒரு பொருளோடு அச்சாகப் பொருந்தியது. அதன் ஒளியைப் பகுத்த மார்ட்டன் ஷ்மிட், அது விண்மீனே அல்ல, நம் பால்வீதிக்கு வெகு அப்பால் உள்ளது என்று 1963-ல் அறிவித்தார். குவாசார் என்னும் இனம் இப்படித்தான் அடையாளம் காணப்பட்டது.

நிலா உதவும் என்று உலகமே கண்டுகொண்ட அந்த வேளையில், இந்தியாவில் ஒருவர் அதை முழுநேர வேலையாகவே எடுத்துக்கொண்டார். கோவிந்த் ஸ்வரூப். வெளிநாட்டில் பணியாற்றிய இந்திய ரேடியோ வானியலாளர் நால்வர், தாயகம் திரும்பி ஒரு குழு அமைக்க விரும்புவதாக 1961-ல் எழுதினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா அதை ஏற்றுக்கொண்டார். நால்வரில் ஒருவரான ஸ்வரூப் 1963-ல் வந்து சேர்ந்தார். நிலாவை நாள்தோறும் பல மணிநேரம் தொடர்ந்து பார்க்கும் ஒரு பெரிய தொலைநோக்கி வேண்டும். செலவும் குறைவாக இருக்க வேண்டும். அவர் கண்ட வழியின் எளிமையை இன்று நினைத்தாலும் வியப்பு அடங்காது.

பூமத்திய ரேகைக்கு அருகில், வடக்கு தெற்காகச் சரியும் ஒரு மலை. சரிவின் கோணமும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி ஒரு சரிவில் நீண்ட உருளை வடிவத் தொலைநோக்கியைப் படுக்கவைத்தால், அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு கிழக்கிலிருந்து மேற்காக ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்துப் பொருளை ஒன்பது மணிநேரத்துக்கு மேல் பின்தொடரலாம். தேடிக் கிடைத்த இடம் ஊட்டிக்கு அருகே உள்ள முத்தொரை. அட்சரேகையும் 11 பாகை சொச்சம், சரிவும் 11 பாகை சொச்சம்.

அங்கே 24 பரவளையச் சட்டங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இழுத்துக் கட்டப்பட்டன. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கம்பிகள் குவிக்கும் அலைகளை வாங்க ஏறக்குறைய ஆயிரம் டைபோல் ஆன்டெனாக்கள். வடிவமைப்பும் கட்டுமானமும் இந்தியாவிலேயே நடந்தன. 1970-ல் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. அப்போது அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் இளைஞர்கள். இவ்வளவு பெரிய கருவியைக் கட்டிய முன்னனுபவம் நாட்டில் எவருக்கும் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் நிலா மறைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களின் அமைப்பு ஊட்டியில் பதிவானது. அதுவரை உலகில் அளக்கப்பட்டவை பெரும்பாலும் வலுவான, ஒப்பீட்டளவில் அருகில் உள்ள மூலங்கள். ஊட்டி அளந்தவை பலவீனமானவை, ஆகவே பெரும்பாலும் தொலைவில் இருப்பவை. 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் இந்தக் கோண அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலவீனமான மூலங்கள் சராசரியில் சிறியவையாகவும் இருப்பது தெரிந்தது. அண்டம் எக்காலத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற நிலைத்த அண்டக் கொள்கைக்கு இது ஒத்துவரவில்லை. காலத்தோடு அண்டம் மாறிவந்திருக்கிறது என்ற பெருவெடிப்புக் கொள்கையின் பக்கம் இது இன்னொரு சான்றாகச் சேர்ந்தது. நீலகிரிச் சரிவில் நின்ற கம்பிகள் அண்டத்தின் வரலாற்றைப் பற்றிய விவாதத்தில் பேசியிருக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

நிலா முறைக்கு இரண்டு குறைகள். நிலா போகும் பாதையில் உள்ளவற்றை மட்டுமே அளக்கலாம். நுணுக்கமும் பொதுவாக ஒரு விகலைக்குக் கீழே இறங்காது. அதற்குக் கீழே உள்ளதை அளக்க ஊட்டிக் குழு 1970-களிலேயே மினுக்க முறையைக் கையில் எடுத்தது. எஸ். அனந்தகிருஷ்ணன், பி.கே. மனோகரன் போன்றோர் இதைப் பல ஆண்டுகள் வளர்த்தார்கள்.

முறை இப்படி. சூரியன் ஆண்டு முழுவதும் வான்பின்னணியில் நகர்வதால், ஒரு ரேடியோ மூலத்துக்கும் சூரியனுக்கும் உள்ள கோண இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது. சூரியன் நெருங்க நெருங்கக் காற்று அடர்ந்து மினுக்கம் கூடுகிறது. 327 மெகாஹெர்ட்ஸில், பார்வைக்கோடு சூரியனிலிருந்து ஏறத்தாழ 11 அல்லது 12 பாகை விலகி இருக்கையில் மினுக்கம் உச்சத்தைத் தொடும். அதற்கும் உள்ளே போனால் சிதறல் அளவுமீறி, நடுக்கம் மறுபடி மங்கிவிடும். உச்சத்தில் சமிக்ஞை முழுவதுமே கூடிக் குறைந்தால் அந்தப் பொருளின் ஆற்றல் ஏறக்குறைய எல்லாம் ஒடுங்கிய பகுதியிலிருந்து வருகிறது என்று பொருள். பாதிதான் ஆடுகிறது என்றால் மீதி அகன்ற பகுதியிலிருந்து வருகிறது. நடுக்கத்தின் வேகத்தைப் பகுத்தால் ஒடுங்கிய பகுதியின் அகலமும் கிடைக்கும். மினுங்க வேண்டுமானால் அது பத்தில் சில விகலைக்குள் இருக்க வேண்டும். ஊட்டியின் தொலைநோக்கி தனியாகப் பிரித்தறியும் கோணமோ ஐந்தாறு கலை. இடைவெளி ஆயிரம் மடங்கு! 3சி 48 என்ற குவாசார் இந்த முறைக்கு உரைகல் போன்றது. ஒடுங்கியது, வலுவானது, சூரியன் அருகே வரும்போதெல்லாம் நன்றாக மினுங்கும்.

இந்த முறை படம் தராது. அளவையும் பங்கையும்தான் தரும், வடிவத்தைப் பற்றி மறைமுகமாகவே பேசும். அந்த எல்லையை அறிந்து பயன்படுத்தினால் இதற்கு நிகரான மலிவான வழி வேறில்லை.

மினுக்கத்தைத் தேடிப் போனவர்களுக்கு வேறொரு புதையலும் கிடைத்தது. குவாசார்களை மினுக்கத்தால் கண்டுபிடிக்க ஹியூயிஷ் கேம்பிரிட்ஜில் நாலரை ஏக்கரில் 2,048 டைபோல்கள் கொண்ட ஆன்டெனா வரிசையை அமைத்தார். 81.5 மெகாஹெர்ட்ஸில் அது 1967 ஜூலையில் வேலை தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் பதிவுத்தாள் வெளிவந்தது. அத்தனையையும் கண்ணால் அலசியவர் அவருடைய ஆய்வு மாணவி ஜோசலின் பெல். சூரியனுக்கு எதிர்த்திசையில், மினுக்கம் நலிந்திருக்க வேண்டிய நள்ளிரவில் ஒரு சிறு கிறுக்கல் வருவதை அவர் விடவில்லை. 1.337 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் விண்மீன்; கண்டறியப்பட்ட முதல் பல்சர் அது. 1974-ல் நோபல் பரிசு கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரைலுக்கும் ஹியூயிஷுக்கும் போனது; பெல்லின் பெயர் அதில் இல்லை. அது நியாயமில்லை என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடும்.

சூரியக் காற்றைத் தாண்டினால் விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவும் தன் பங்குக்கு விளையாடுகிறது. 1972-ல் ஆஸ்திரேலியாவின் மோலாங்ளோ தொலைநோக்கியில் 408 மெகாஹெர்ட்ஸில் பார்த்த ரிச்சர்ட் ஹன்ஸ்டெட், சில ஒடுங்கிய மூலங்களின் வலிமை மாதக்கணக்கில் மாறுவதைக் கண்டார். ஒரு பொருள் சில மாதங்களில் மாறினால் அதன் அளவு சில ஒளிமாதங்களுக்கு மேல் இருக்க முடியாது. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து அவ்வளவு ஆற்றல் வந்தால், அதன் வெப்பநிலைக் கணக்கு இயற்பியல் அனுமதிக்கும் ஒரு லட்சம் கோடி டிகிரி என்ற எல்லையைத் தாண்டி ஓடுகிறது. பத்தாண்டுக்கு மேல் இது தீராப் புதிராக இருந்தது. மாறுவது பொருள் அல்ல, இடையில் நம் பால்வீதியின் வாயுத்திட்டுகள் மெல்ல நகர்ந்து அலைகளைக் குவித்தும் விரித்தும் விடுகின்றன என்று 1984-ல் பார்னி ரிக்கெட்டும் வேறு இருவரும் காட்டினார்கள். நொடிக்கணக்கில் நடுங்கினால் சூரியக் காற்று. மாதக்கணக்கில் ஏறி இறங்கினால் பால்வீதி.

ஒடுங்கிய மூலங்களில் ஒரு வகை இன்னும் சுவையானது. 1963-ல் பார்க்ஸில் கவனிக்கப்பட்ட பிகேஎஸ் 1934-638 அந்த வகையின் முதல் பொருள். பெரும்பாலான ரேடியோ மூலங்கள் அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும். இது அப்படியில்லை. ஒரு கிகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே உச்சம் தொட்டு, அதற்குக் கீழே சரசரவெனச் சரிகிறது. பொருள் மிகவும் ஒடுங்கியிருப்பதால் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை அதன் எலெக்ட்ரான்களே மறுபடி விழுங்கிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். சுற்றியுள்ள அடர்ந்த வாயு விழுங்குகிறது என்பது இன்னொன்று. எது சரி என்று சொல்லத் தாழ்ந்த அதிர்வெண் அளவீடுகளே தேவை. சரிவின் வடிவம் இரண்டுக்கும் ஒன்றல்ல.

பொருள் எவ்வளவு சிறியதோ, உச்சம் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். பொருள் விரிய விரிய உச்சம் கீழே இறங்கும். அப்படியானால் இவை இப்போதுதான் பிறந்து வளரும் ரேடியோ கேலக்ஸிகளா? சிலவற்றில் தாரை முனைகள் இரண்டும் ஆண்டுக்காண்டு விலகுவதை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டபோது, வயது சில நூறு முதல் சில ஆயிரம் ஆண்டுகள் என்று வந்தது. கேலக்ஸியின் கணக்கில் அது பச்சிளம் பருவம். ஆனால் எல்லாமே வளர்ந்துவிடுவதில்லை. அடர்ந்த வாயுவில் சிக்கி முடங்கியவையும், பாதியிலேயே அணைந்துபோகிறவையும் உண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். விவாதம் தொடர்கிறது.

அந்த விவாதத்துக்குப் புதிய தரவு மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்குள்ள மர்ச்சிசன் அகலப்பரப்பு வரிசை, தொலைநோக்கியை ஒவ்வொரு பொருளாகத் திருப்பாமல் வானின் பெரும்பரப்பை ஒரே வேளையில் பார்க்கும். 30 பாகைக்கு 30 பாகை பரப்பை 162 மெகாஹெர்ட்ஸில் அரை நொடிக்கு ஒரு படமாக வெறும் ஐந்து நிமிடம் எடுத்தார்கள். அதில் தெரிந்த 2,550 மூலங்களில் 302 மினுங்கின. 2018-ல் வெளியான இந்த ஆய்வில் பலமாக மினுங்கியவற்றுள் முன்னணியில் நின்றவை, மேலே சொன்ன உச்சம் தொட்டுச் சரியும் வகையே. ஊட்டியில் ஒன்றொன்றாகச் செய்த வேலையின் நேர் வாரிசு இது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார், அயர்லாந்திலிருந்து போலந்து, லாட்வியா வரை பரவிய ஆன்டெனா நிலையங்களை இணைத்து, சுமார் 2,000 கிலோமீட்டர் அகலத் தொலைநோக்கியாக இயங்குகிறது. இங்கே எதிரி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னூட்டம் கொண்ட அடுக்கான அயனமண்டலம் ஒவ்வொரு நிலையத்திலும் அலையை வெவ்வேறு அளவு தாமதப்படுத்தும். அதிர்வெண் குறையக் குறைய இத்தொல்லை பெருகும். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2022-ல், 144 மெகாஹெர்ட்ஸில் ஆறு சதுரப் பாகைக்கும் அதிகமான பரப்பை 0.3 விகலை நுணுக்கத்தில் படமாகவே எடுத்துவிட்டார்கள். மினுக்கம் இருப்பதைச் சொல்லும், லோஃபார் உருவத்தைக் காட்டும். ஒன்று வந்ததால் மற்றது தேவையற்றுப் போகவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,31,072 ஆன்டெனாக்களோடு எழுந்துவரும் எஸ்கேஏ-லோ தொலைநோக்கியைத் துல்லியப்படுத்தவும், வானின் எந்தெந்த இடத்தில் ஒடுங்கிய மூலங்கள் உள்ளன என்ற பட்டியல் முன்கூட்டியே வேண்டும்.

ஊட்டித் தொலைநோக்கி இன்று புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் கீழ் இயங்குகிறது. அதே மினுக்கத்தைத் தலைகீழாக்கி, அளவு தெரிந்த மூலங்களைக் கொண்டு சூரியக் காற்றின் வேகத்தையும் அடர்த்தியையும் அளப்பதில் அது பல ஆண்டுகளாகப் பெயர்பெற்றது. ஸ்வரூப் 2020 செப்டம்பரில் புனேயில் காலமானார்.

எமரால்டு, அவலாஞ்சி பக்கம் சுற்றுலா போகிறவர்கள் முத்தொரைச் சரிவில் படுத்திருக்கும் அந்தக் கம்பி வரிசையைப் பார்த்திருக்கலாம். அது கேட்பது மிக மெல்லிய குரல்கள். அருகில் ஒரு சாதாரண டிரான்ஸ்மிட்டர் பேசினாலே அவை மூழ்கிவிடும். அதனால்தான் 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னப் பட்டையை உலகத் தொலைத்தொடர்பு விதிகள் ரேடியோ வானியலுக்கும் ஒதுக்கியிருக்கின்றன. கம்பியில்லாக் கருவிகள் நாளுக்கு நாள் பெருகிவரும் நீலகிரியில், அரசும் நிறுவனங்களும் மக்களும் அந்தப் பட்டையை அமைதியாக விட்டுவைக்க வேண்டும்.